வயலிலும் வாக்கிலும் அவருடைய நாமம்

ஆண்டவருடைய நாமத்தைப் பற்றிய கட்டளை கத்தோலிக்கருக்கு இரண்டாவது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபையாருக்கு மூன்றாவது. கிளிநொச்சியில் ஒரே ஒழுங்கையில் இரு தரப்பும் குடியிருக்கிறபடியால் மறைக்கல்விக்குப் போகும் பிள்ளையும் ஞாயிறு பாடசாலைக்குப் போகும் பிள்ளையும் இந்த எண்ணை வைத்து வாதாடுவது உண்டு. எண்தான் வேறு, கட்டளை ஒன்றே. பரமண்டல செபத்தில் நம் எல்லாருக்கும் முதல் வேண்டுதலும் அதே நாமத்தைப் பற்றியதுதான். அப்பத்தையும் மன்னிப்பையும் கேட்பதற்கு முன்னால் அதைக் கேட்கும்படி இயேசு கற்றுக்கொடுத்தார்.

பெரும்பாலான வீடுகளில் இந்தக் கட்டளை பிள்ளைகளின் வாயோடு நின்றுவிடுகிறது. விளையாட்டுக்குச் சத்தியம் பண்ணாதே, கோபத்தில் ஆண்டவரை இழுக்காதே என்று கண்டிக்கிறோம். கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் வேதம் இந்தக் கட்டளையை வைத்திருக்கும் இடம் பெரியவர்களுக்குரியது. லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை எடுத்து 9-ஆம் வசனத்திலிருந்து மெதுவாக வாசித்துப் பாருங்கள். முதலில் அறுவடை வருகிறது. வயலின் ஓரங்களை முற்றாக அறுக்கக்கூடாது, சிந்தின கதிரைப் பொறுக்கக்கூடாது, அவை எளியவனுக்கும் அந்நியனுக்கும் உரியவை. பிறகு களவும் பொய்யும். 12-ஆம் வசனத்தில் ஆண்டவருடைய நாமத்தைச் சொல்லிப் பொய்ச்சத்தியம் செய்வது தடுக்கப்படுகிறது. அடுத்த வசனத்திலேயே கூலிக்காரனின் கூலி. அது விடியும்வரை நம்மிடம் இருக்கக்கூடாது. அதற்கும் அடுத்ததில் செவிடரும் குருடரும். அதிகாரத்தின் கடைசியில் தராசும் படிக்கல்லும்.

நாமத்துக்கு ஒரு பக்கம் அறுவடை, மறுபக்கம் கூலி. வன்னியில் வயலை நம்பி வாழ்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கவுரை வேண்டியதில்லை. ஆகையால் இந்த அத்தியாயத்தை ஆலயத்துக்குள்ளிருந்து தொடங்காமல் வயலிலிருந்து தொடங்குகிறேன்.

இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் பெரும்போகம் விளைந்து வெட்டுமெசின் இறங்கும்போது ஒரு காரியத்தைக் கவனித்திருப்பீர்கள். மெசின் திரும்பும் இடத்தில் வயலின் மூலைகள் வெட்டுப்படாமல் நிற்கும். வரம்போரத்திலும் ஒரு கீலம் மிஞ்சும். வழக்கமாக மெசின் வருவதற்கு முன்னோ பின்னோ ஆள் விட்டு அரிவாளால் அந்த மூலைகளை வெட்டி எடுத்துவிடுவோம். லேவியராகமம் விட்டுவிடச் சொல்லும் ஓரம் அதுதான். ஐந்து ஏக்கர் விதைத்தவருக்கு அந்த நெல் பெரிய தொகை இல்லை. காணி இல்லாமல், கைக்குழந்தையோடு, ஒருவர் உழைப்பில் சீவிக்கும் வீட்டுக்கு அது சில நாட்களின் அரிசி. உங்கள் வட்டாரத்தில் அப்படியான இரண்டு வீடுகளை முன்கூட்டியே தெரிந்து வைத்து, "அக்கா, நாளைக்கு மெசின் வருது, மூலையளை நீங்கள் வெட்டி எடுங்கோ" என்று மெசின் வருவதற்கு முதல்நாள் சொல்லிவிடுங்கள். வெட்டி முடிந்த பிறகு சொன்னால் அது பிச்சையாகிவிடும். அறுப்புப் பண்டிகைக்கு ஆலயத்தில் வைக்கும் முதல் மூட்டையை இதற்குக் கணக்கு வைக்காதீர்கள். அது வேறு, இது வேறு.

கூலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் வேதமும் சுருக்கமாகத்தான் சொல்கிறது: அன்றைக்கே. கச்சான் பிடுங்கவும் களை எடுக்கவும் வருகிற பெண்களிடம் சனிக்கிழமை பின்னேரம் "காசு மாத்தேல்ல, திங்கக்கிழமை வாங்கோ" என்று சொல்லிவிட்டு ஞாயிறு காலை முன் வாங்கில் இருந்து பாடுகிற நிலை நமக்கு வேண்டாம். காசு மாற்றிய பிறகே ஆளைக் கூப்பிடுங்கள். நெல் வாங்கி விற்கிற நம் ஆட்களுக்குத் தராசைப் பற்றி ஒரு வார்த்தை. நெல் சந்தைப்படுத்தும் சபை நெல்லுக்கு வைத்திருக்கும் அளவு 14 வீத ஈரப்பதன். காயவைக்கக் களமோ நேரமோ இல்லாதவன் பச்சை நெல்லைத் தனியார் வியாபாரியிடம்தான் கொடுக்கிறான். ஈரத்துக்காகக் கழிப்பதில் நியாயம் உண்டு. எவ்வளவு ஈரம் என்று அளக்காமல் மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கண்ணை மூடிக்கொண்டு கழிப்பதில் நியாயம் இல்லை. லொறியின் கண்ணாடியில் "இயேசு ஜீவிக்கிறார்" என்று ஒட்டியிருக்கிறவர் ஈரப்பதன் மானியை விவசாயிக்கு முன்னால் வைத்து அளந்து காட்டவேண்டும். அந்த ஒட்டுத்தாளை வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் மானியின் இலக்கம் விளங்கும்.

14-ஆம் வசனத்தில் வரும் செவிடரும் குருடரும் நம் ஊரில் யார் என்று சொல்லத் தேவையில்லை. போரில் காலை இழந்தவர்களும் கண்ணை இழந்தவர்களும் உடம்புக்குள் சன்னத் துண்டோடு நடமாடுகிறவர்களும் எல்லாக் கிராமத்திலும் இருக்கிறார்கள். ஆலயத்துக்கு ஏறும் படிக்குப் பக்கத்தில் சரிவுப் பாதை உண்டா என்று இந்த ஞாயிறே பாருங்கள். புதிய கோபுரத்துக்குக் காசு சேர்க்கும் சபையில் சக்கர நாற்காலி உள்ளே வர வழியில்லை என்றால் எதை முதலில் கட்டவேண்டும் என்பது அந்த வசனத்திலேயே இருக்கிறது.

இனி நாவுக்கு வருவோம். வன்னியில் சத்தியம் அதிகம் செய்யப்படும் இடம் கடை. கடன் கொப்பியைத் திறக்கும்போதுதான் வாயில் நாமம் வருகிறது.

"அக்கா, கர்த்தர் மேல சத்தியமா வெள்ளிக்கிழமை தந்திடுவன்."

"மடு மாதா அறியச் சொல்லுறன், இந்த முறை தவறாது."

சொல்கிறவர் ஏமாற்றுக்காரர் அல்ல. நெல்லுக் காசு வெள்ளி வரும் என்று நம்புகிறார், அது வருவதில்லை. கிழமைக் கடன்காரர் வீட்டு வாசலில் நிற்கிறார், வந்த காசு அங்கே போகிறது. கடைக்கார அக்காவிடம் போக முகமில்லாமல் மற்ற ஒழுங்கையால் சுற்றிப் போகத் தொடங்குகிறார். அவர் சாட்சிக்கு அழைத்த நாமம் அந்தக் கொப்பியில் கிடக்கிறது. ஆணையிடவே வேண்டாம், ஆமென்றால் ஆம், இல்லையென்றால் இல்லை என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு படிப்பித்ததும், யாக்கோபு தன் நிருபத்தின் முடிவில் அதையே திரும்பச் சொல்வதும் இப்படியான வாசல்களுக்காகத்தான். இப்படிச் சொல்லிப் பழகுங்கள்:

"அக்கா, வெள்ளிக்கிழமை நெல்லுக் காசு வரும் எண்டு முதலாளி சொன்னவர். வந்தா அண்டைக்கே தாறன். வராட்டிலும் வந்து சொல்லுவன்."

இதில் சத்தியம் இல்லை. ஆனால் கடைசி வார்த்தைதான் பாரம் கூடியது. காசு இல்லாத வெள்ளிக்கிழமையும் அந்தக் கடை வாசலுக்குப் போய் நிற்கவேண்டும். போய் நிற்கிறவருக்கு இரண்டாம் முறை சத்தியம் செய்யத் தேவை வராது. பிள்ளைகளுக்கும் இதையே பழக்குங்கள். "சத்தியமா?" என்று நாம் அவர்களிடம் கேட்பதை நிறுத்தினால் அவர்களும் சத்தியம் செய்வதை நிறுத்துவார்கள்.

சட்டம் நம்மிடம் சத்தியத்தைக் கேட்கும் இடம் வேறு. போர் நம் கடதாசிகளை எல்லாம் தின்றுவிட்டது. காணி அனுமதிப்பத்திரம், பிறப்புப் பதிவு, விவாகப் பதிவு எல்லாம் இடப்பெயர்வில் போனபடியால் பிரதேச செயலகத்தில் எதற்கும் சத்தியக்கடதாசி கேட்கிறார்கள். சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைக்கிறோம். இலங்கைச் சட்டப்படி கிறிஸ்தவர் சத்தியம் செய்கிறார். பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் உறுதியுரை செய்கிறார்கள். சத்தியம் செய்ய மனச்சாட்சி இடம் தராத கிறிஸ்தவரும் உறுதியுரை செய்யலாம் என்று 1895-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே இடம் கொடுக்கிறது. பல சபைகளில் இது தெரியாது. மலைப்பிரசங்கத்தை எழுத்தின்படி கடைப்பிடிக்க விரும்புகிறவர்கள் கடதாசி தட்டச்சு செய்வதற்கு முன்பே அதைச் சொல்லிவிடலாம். யாரும் மறுக்க முடியாது. எதைச் செய்தாலும் பொய் பொய்தான். உறுதியுரை என்பதால் ஆண்டவர் அதில் சாட்சி இல்லை என்று யாரும் எண்ணவேண்டாம்.

நடைமுறையில் மூன்று காரியம். ஆயத்தமாகத் தட்டச்சு செய்து நீட்டப்படும் கடதாசியை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் உரத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. உங்களுக்குத் தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். அயலவரின் காணி எல்லைக்குச் சாட்சிக் கையெழுத்து கேட்டால், அந்த எல்லையை நீங்கள் கண்ணால் கண்ட காலம் எது என்று எழுதிக் கொடுங்கள். "எனக்குத் தெரிந்த நாள் முதல்" என்ற பொதுவான வார்த்தை எத்தனையோ அண்ணன் தம்பியை நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறது.

இதில் மிகவும் கடினமானது காணாமல் போனவர்களின் வீட்டுக்காரர் வைக்கும் கையெழுத்து. கணவனைக் காணாத ஒரு பெண்ணிடம், இழப்பீட்டுக்கோ காணி மாற்றத்துக்கோ, அவர் இறந்துவிட்டார் என்று சத்தியக்கடதாசி கொடுத்தால் காரியம் சுலபம் என்று சொல்லப்படுகிறது. பிள்ளைகளுக்கு அந்தக் காசு தேவை. அவர் இறந்தாரா என்பது அவளுக்குத் தெரியாது. பைபிளைத் தொட்டுக்கொண்டு தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் நிலைக்கு அவளைத் தள்ளியது அவளுடைய குற்றமல்ல. கையெழுத்து வைத்துவிட்டு இரவில் நித்திரை இல்லாமல் இருக்கிறவளிடம் கட்டளையைக் காட்டி எந்தப் போதகரும் பேசக்கூடாது. இனி வைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்றே பதிந்து சான்றிதழ் பெறும் ஏற்பாடு 2016-இல் சட்டமானது. மரணத்தைப் பதியாமலே பல காரியங்களுக்கு அதைப் பயன்படுத்தலாம். சத்தியக்கடதாசி எழுதும்போது சமாதான நீதவானிடம் இப்படிச் சொல்லுங்கள்:

"ஐயா, அவர் செத்திட்டார் எண்டு எனக்குத் தெரியாது. இந்தத் திகதிக்குப் பிறகு நான் அவரைக் காணேல்ல எண்டு மட்டும் எழுதுங்கோ."

கச்சேரிக்குக் கூடவே போய் அவளுக்காக அதைப் பேசும் ஒரு ஆளைச் சபை அனுப்பவேண்டும். ஒரு மூப்பர் ஒரு முற்பகலைக் கொடுத்தால் அவளுடைய வாயில் பொய்ச்சத்தியம் வராமல் காக்கலாம்.

உண்மையை அளந்து சொல்வது எப்படி என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் ஆணைக்குழுவின் முன் போய் அமர்ந்தார். தன்னுடைய கோபத்தையோ சனம் பேசிக்கொண்ட எண்ணையோ அவர் அங்கே வைக்கவில்லை. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர் என்று கச்சேரிக் கணக்கு சொன்னது. அரசு கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர் என்று ஐக்கிய நாடுகளின் கணக்கு சொன்னது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிகுதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று சொல்லவில்லை. கணக்குக் காட்டுங்கள் என்றார். தெரிந்ததற்கு மேலே ஒரு எண்ணையும் அவர் கூட்டவில்லை, தெரிந்ததில் ஒன்றையும் பயத்தில் விழுங்கவுமில்லை. இருபுறமும் அழுத்தம் இருந்த காலம் அது. 2021 ஏப்ரல் 1-ஆம் திகதி அவர் இறக்கும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. சாட்சி சொல்ல எழும்புகிற எந்தக் கிறிஸ்தவனும், நீதிமன்றத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலோ, அந்தக் கழித்தல் கணக்கை நினைத்துக்கொள்ளட்டும்.

இப்போது சொல்லப்போவது சிலருக்கு நோகும். நொந்தாலும் சொல்லாமல் விடமுடியாது.

மகனைத் தேடும் தாய் எங்கும் போவாள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர்களில் நம் சபைத் தாய்மாரும் உண்டு. அவர்கள் சாத்திரம் கேட்கப் போனால் நாம் கண்டிக்கிறோம். அதே தாயிடம் ஒரு செபக் கூட்டத்தில் தலையில் கைவைத்து, "உங்கட மகன் உயிரோட இருக்கிறார், கர்த்தர் எனக்குக் காட்டினவர், மூண்டு மாதத்தில வீட்டுக்கு வருவார்" என்று ஒருவர் சொன்னால் அதற்கு ஆமென் சொல்கிறோம். மூன்று மாதம் போகிறது. மூன்று வருடம் போகிறது. அவள் சொன்னவரைச் சந்தேகிக்கவில்லை. தன் விசுவாசம் போதாது என்று தன்னைத்தான் குற்றஞ்சாட்டுகிறாள். ஆண்டவர் சொல்லாததை ஆண்டவர் சொன்னார் என்று சொல்வதைப் பற்றி உபாகமம் 18-ஆம் அதிகாரமும் எரேமியா 23-ஆம் அதிகாரமும் பேசுகிற கடுமையை வாசித்துப் பாருங்கள். விளையாட்டுக்குச் சத்தியம் செய்யும் பிள்ளையிடம் காட்டும் கண்டிப்பில் பாதியாவது நாம் இங்கே காட்டவேண்டாமா?

ஆகவே இதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்: காணாமல் போன ஒருவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதைப் பற்றி ஆண்டவருடைய பெயரில் யாரும் எதுவும் சொல்லக்கூடாது. கனவு கண்டால் அதைக் கனவு என்றே சொல்லுங்கள், அல்லது சொல்லாமல் விடுங்கள். ஊழியர் யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து அப்படிச் சொன்னால், "பாஸ்டர், இதைச் சொல்லவேண்டாம், செபம் மட்டும் பண்ணுங்கோ" என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சந்திக்கப் போகிற நாம் சொல்லக்கூடியது கொஞ்சம்தான்.

"அம்மா, தம்பி எங்க இருக்கிறார் எண்டு எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். தம்பியின்ர பேரைச் சொல்லி அவரிட்டக் கேப்பம்."

அந்தக் கொஞ்சத்தைச் சொல்லிவிட்டு எழும்பாமல் இருங்கள். தேத்தண்ணி வரும். மகன் எந்தப் பாடசாலையில் படித்தான், என்ன கறி விருப்பம் என்று கேளுங்கள்.

கைத்தொலைபேசியில் வரும் செய்திகளும் இந்த வகைதான். பத்துப் பேருக்கு அனுப்பினால் அற்புதம், அனுப்பாவிட்டால் ஆபத்து என்று இயேசுவின் படத்தோடு வருவதை அழித்துவிடுங்கள், அனுப்பினவருக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். குழுவில் எல்லாருக்கும் முன்னால் திருத்தவேண்டாம்.

உதவி கொடுப்பதைப் பற்றி வடக்கின் சரித்திரம் நமக்கு ஒரு எச்சரிக்கை வைத்திருக்கிறது. ஒல்லாந்தர் 1658-இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தபின் ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்பு என்னும் பதிவேட்டில் பதியப்பட்டன. அந்தப் பதிவு இருந்தால்தான் முதுசத்துக்கு ஆதாரம், உத்தியோகத்துக்கு வழி. சனம் திரண்டு வந்து திரித்துவத்தின் நாமத்தில் தண்ணீர் வாங்கினார்கள். 1796-இல் ஒல்லாந்தர் போனதும் அந்தக் கிறிஸ்தவம் பெரும்பாலும் அவர்களோடேயே போய்விட்டது. அதே காலத்தில் தடைசெய்யப்பட்ட கத்தோலிக்கர் என்ன செய்தார்கள்? மாந்தையிலிருந்து 1670-இல் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். அதுதான் இன்றைய மடு. 1687-இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து இரவில் பூசை வைத்தார். தோம்பில் பெயர் எழுதினவர்களின் பிள்ளைகளைத் தேடவேண்டியிருக்கிறது. காட்டுக்குள் போனவர்களின் இடத்துக்கு ஓகஸ்ட் 15-இல் இலட்சக்கணக்கில் சனம் போகிறது. 2015 ஜனவரி 14-ஆம் திகதி கொழும்பில் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ் அன்று பின்னேரமே மடுவுக்கு வந்தார்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வீடு, கிணறு, ஆடு, தையல் மெசின் என்று நம் சபைகள் நிறையக் கொடுத்திருக்கின்றன. நன்மைதான். கொடுக்கும்போது கையில் ஒரு துண்டுப்பிரசுரத்தையும் வைத்து, அடுத்த ஞாயிறு வந்தால் மிச்சம் என்று சொல்கிற இடத்தில் அது தோம்பாகிவிடுகிறது. சைவக் குடும்பத்துக்குக் கிணறு கட்டிக் கொடுத்தால் கிணற்றுக் கட்டில் வசனம் எழுதாதீர்கள். அவர்களாகக் கேட்டால் ஏன் கொடுத்தோம் என்று சொல்லுங்கள். அயலவருடைய தெய்வத்தை இகழ்ந்து பேசுவதும் நம் ஆண்டவருடைய நாமத்துக்கு மகிமை ஆகாது. எபேசுவில் பவுலின் கூட்டத்தார் அந்த ஊர்த் தேவியைத் தூஷிக்கவில்லை என்று நகர அதிகாரியே சாட்சி சொன்னதை அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். முல்லைத்தீவில் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குச் சனம் நடந்து போகும் பாதையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கலாம். பிரசங்கப் பந்தல் வைக்கவேண்டாம்.

சில சில்லறைக் காரியங்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007-இல் உத்தரவிட்டது; முழு இரவுச் செபத்தை மைக் இல்லாமல் செய்யுங்கள், உயர்தரப் பரீட்சைக் காலத்தில் பகலிலும் சத்தத்தைக் குறையுங்கள். வசனம் அச்சிட்ட கலண்டர், கலியாணக் காட், நினைவு மலர் ஆகியவை வடை சுற்றவும் மீன் சுற்றவும் போகாமல் சேர்த்து வைத்து எரித்துப் புதைக்கலாம். கடைக்கும் ஓட்டோவுக்கும் ஆண்டவருடைய பெயர் வைக்க விரும்பினால் வையுங்கள், ஆனால் விலைப்பட்டியலையும் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். கிறிஸ்மஸுக்கு அந்தக் கடையில் சாராயம் விற்கவேண்டி வந்தால் பெயர்ப்பலகையைக் கழற்றுவதா வியாபாரத்தைக் கழற்றுவதா என்று குடும்பமாக இருந்து முடிவெடுங்கள்.

கடைசியாக, ஆண்டவரோடு கோபித்துக்கொண்டவர்களைப் பற்றி. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை கடல் முல்லைத்தீவுக்குள் வந்தது. ஐந்து வருடம் முடியமுன் வலைஞர்மடத்திலும் முள்ளிவாய்க்காலிலும் பதுங்குகுழிக்குள் இருந்து நாம் கூப்பிடாத பெயர் இல்லை. கூப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதே மடியில் பிள்ளை செத்ததைக் கண்டவர்கள் நம்மோடு ஞாயிற்றுக்கிழமை வாங்கில் இருக்கிறார்கள். சிலர் வருவதில்லை. "நீர் எங்க போனீர்?" என்று ஆண்டவரைக் கேட்டதற்காக, அது தூஷணம் என்று யாரோ வாயடைத்ததால் வராமல் விட்டவர்களும் உண்டு. அப்படி வாயடைக்கக்கூடாது. யோபு கேட்காத கேள்வி இல்லை. கடைசியில் ஆண்டவருடைய கோபம் வந்தது யோபுவின் மேல் அல்ல, ஆண்டவருக்காக நியாயம் பேசிய நண்பர்கள் மேல்தான். 88-ஆம் சங்கீதம் ஆறுதல் ஒன்றும் இல்லாமல் இருட்டில் முடிகிறது, அதையும் சபை செபமாக வைத்திருக்கிறது. நம் நாட்டுத் தமிழ்க் கத்தோலிக்கர் தபசு காலத்தில் வாசிக்கும் வியாகுலப் பிரசங்கத்தை யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் 18-ஆம் நூற்றாண்டில் எழுதினார். அழுகையை வழிபாடாக்கத் தெரிந்த சனம் நாம். ஆண்டவரை நோக்கி அழுகிறவன் அவருடைய பெயரைச் சொல்லித்தான் அழுகிறான். அவனைத் திருத்தாமல் பக்கத்தில் இருங்கள்.

வருடத்துக்கு இரண்டு நாளாவது இதற்கென்று ஆலயத்தில் ஒதுக்குங்கள். மே 18 ஒன்று. 2009-இல் அந்த நாளில்தான் யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசேப் அடிகளார், சரணடைந்தவர்களோடு வட்டுவாகலில் படையினரிடம் போனார். இன்றுவரை அவரும் இல்லை, கூடப் போனவர்களும் இல்லை. மற்றது நவம்பர் 2, கல்லறைகள் மந்திரிக்கப்படும் நாள். கல்லறை இல்லாத வீட்டுக்காரர் அன்றைக்கு எங்கே நிற்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். சேமக்காலையில் அவர்களுக்கென்று ஒரு இடத்தைக் காட்டுங்கள், அங்கேயும் போய் மந்திரியுங்கள்.

பெயர்களை வாசிக்கும்போது ஒரு ஒழுங்கு தேவை. இறந்தோர் பட்டியல் ஒன்று, காணாமல் போனோர் பட்டியல் ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள். எந்தப் பட்டியலில் எழுதுவது என்பதை வீட்டுக்காரர்தான் முடிவெடுக்கவேண்டும்; பங்குத்தந்தையோ போதகரோ மூப்பரோ மாற்றி எழுதக்கூடாது. ஒரே வீட்டில் தாய் ஒன்றும் மனைவி ஒன்றும் சொன்னால் இந்த வருடம் காணாமல் போனோர் பட்டியலிலேயே இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டில் முழுப்பெயரையும் வீட்டுப்பெயரையும் எழுதி வாங்குங்கள். வாசிக்கிறவர் முதல்நாளே எல்லாத் துண்டையும் ஒருமுறை உரத்து வாசித்துப் பார்க்கட்டும், தெரியாத பெயரின் உச்சரிப்பை வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளட்டும். எத்தனை பெயர் வந்தாலும் நேரமில்லை என்று பாதியில் நிறுத்தவேண்டாம். அன்றைய பிரசங்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.